தரவைக் குருவியை இனங்காணல்

சரவணையிலும் அதனை அடுத்துள்ள நாரந்தனை, வேலணை, சுருவில், புளியங்கூடல் முதலிய ஊர்களிலும் மழையை நம்பிய நெற்செய்கை ஆண்டிற்கு ஒரு முறையே நடைபெறுகின்றது. புழுதியில் விதைத்த நெல் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்து, மார்கழியிற் கதிர் ஈன்று, தை மாசியில் அரிவி வெட்டுக்கு வருகின்றது. ஆறோ பெருங்குளமோ இல்லாத தீவு இது. தவறிய போகத்தை ஈடுசெய்ய வேறொரு போகம் இங்கே கிடையாது. ஆதலால், கதிர் பால் பிடிக்கும் இரண்டு மூன்று கிழமைக்குள் வயலில் ஏற்படும் நட்டம் அவ்வாண்டுச் சாப்பாட்டிலேயே கை வைப்பதாகும்.

அந்தக் கிழமைகளிலேதான் குருவிகளும் வருகின்றன. காலையில் வரம்பிலே நின்று பார்ப்பவருக்கு, வடலிப் பற்றையிலிருந்து முப்பது நாற்பது சிறு குருவிகள் ஒன்றாய் எழுந்து கதிர்களில் இறங்குவது தெரியும். கல்லெறிந்தால் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அதே இடத்தில் இறங்கும். இவற்றை எல்லாரும் ‘குருவி’ என்ற ஒரே பெயராற் குறிப்பிட்டுவிட்டு, ஒரே விதமாகக் கலைக்கவும் கூடு பிய்க்கவும் முற்படுகின்றனர். ஆனால் வயலில் அமரும் சிறு குருவிகள் எல்லாம் ஒரே இனமும் அல்ல. எல்லாம் நெல் தின்பனவும் அல்ல. எது எந்தக் குருவி என்று அறிந்தபின் எடுக்கும் நடவடிக்கைக்கும், அறியாது எடுக்கும் நடவடிக்கைக்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் ஒரு மூடை நெல்லாகவும் இருக்கலாம்.

பெயர் பற்றிய குழப்பம்

நெல்லுக்குருவி, தினைக்குருவி, சிட்டு, சில்லை என்று நம்மிடையே வழங்கும் பெயர்கள் பல. ஒருவர் தினைக்குருவி என்பதை மற்றவர் நெல்லுக்குருவி என்கிறார். சிங்களத்தில் இவ்வினத்தை ‘வீ குருல்லா’ என்பர். வீ என்பது நெல். இத்துண்டுப் பிரசுரத்தில் இவ்வகைக் குருவிகளைப் பொதுவாகச் ‘சில்லை’ என்ற பெயரால் வழங்குகின்றோம். தமிழ்ப் பறவை நூல்களில் நிலைபெற்றிருக்கும் பெயர் அதுவே.

இலங்கையில் ஐந்து சில்லை இனங்கள் இயல்பாக வாழ்கின்றன. அவற்றுள் கருங்கழுத்துச் சில்லை மலைநாட்டுக்குரியது. கெலாட் என்னும் இலங்கை வைத்தியரின் பெயர் அதன் விஞ்ஞானப் பெயரிற் சேர்ந்துள்ளது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் அதனை மறந்துவிடலாம். எஞ்சிய நான்கும் தாழ்நாட்டுப் பறவைகள். தீவுப் பகுதியின் வறண்ட தரவைகளில் முதலில் எதிர்பார்க்க வேண்டியவை வெண்தொண்டைச் சில்லையும் புள்ளிச் சில்லையுமாகும்.

முதலில் அலகு

நிறத்தைப் பார்க்கப் புகுமுன் அலகைப் பார்த்தல் வேண்டும். இதுவே இப்பிரசுரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டிய முதல் விடயம். காலை வெயிலில் நிறம் மாறித் தோன்றும். ஈரமான இறகு கறுத்துத் தெரியும். குஞ்சின் நிறம் தாய்ப்பறவையின் நிறமன்று. அலகு அவ்வாறு ஏமாற்றுவதில்லை.

தானியம் தின்னும் குருவியின் அலகு குட்டையாய், அடியிற் பருத்து, கூம்பு வடிவமாய் இருக்கும். பக்கத்திலிருந்து நோக்கினால், நெற்றியிலிருந்து வரும் கோடு அலகின் நுனிவரை ஏறக்குறைய நேராகவே இறங்கும். அந்த அலகு ஒரு பாக்குவெட்டியைப் போன்றது. மணியை அலகினுட் பிடித்து நாக்கால் உருட்டி, உமியை நெரித்துக் கீழே விட்டு, உள்ளிருப்பதை மாத்திரம் விழுங்கும். பூச்சி தின்னும் குருவியின் அலகோ ஊசி போன்று மெல்லியது. அதனைக் கொண்டு நெல்லின் உமியை உடைக்க இயலாது. ஆகவே, மெல்லிய அலகுள்ள குருவி கதிரின்மேல் அமர்ந்திருக்கக் கண்டால், அது புழுவையோ வெட்டுக்கிளிக் குஞ்சையோ தேடி வந்தது என்று கொள்ளலாம்.

இருபது முப்பது அடி தூரத்தில் வரம்போடு வரம்பாகக் குந்தியிருந்து கால் மணி நேரம் அசையாது பார்த்தால் இவ்வளவும் தெரியும். சில்லைகள் மிகவும் வெருளும் இயல்புடையனவல்ல. தொலைகாட்டி இருப்பின் நன்று. இல்லையேல், கைத்தொலைபேசியிற் படமெடுத்து, வீட்டிற்குச் சென்று பெருப்பித்துப் பார்த்தாலும் அலகின் வடிவம் விளங்கும்.

நான்கு சில்லைகள்

நான்கும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை நாலரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். வீட்டு முகட்டிற் கூடு கட்டும் ஊர்க்குருவி ஆறு அங்குலம் வரை இருப்பது. அதனோடு ஒப்பிட்டால் சில்லை தெளிவாகச் சிறியது. புள்ளிச் சில்லையின் நிறை 12 முதல் 16 கிராம் வரையில் அமையும். இவ்வளவு இலேசாக இருப்பதனாலேயே அது நெற்கதிரின்மேல் அமர்ந்து, கதிரை முறிக்காமல், வளைத்துக் கொண்டே தின்ன முடிகின்றது.

வெண்தொண்டைச் சில்லை நம் தரவைக்கே உரியது எனலாம். மேற்புறம் வெளிறிய மண்ணிறம். தொண்டையும் வயிறும் வெள்ளை. வால் கறுத்துக் கூராக நீண்டது. அலகு வெள்ளி போன்ற சாம்பல் நிறமானது. பறந்து எழும்பும்போது, வாலின் அடியில் முதுகுப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மின்னி மறையும். முள்ளுப்பற்றையும் புல்லும் கலந்த வறண்ட இடங்களே அதற்குப் பிடித்தமானவை. இலங்கையில் அது வடக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள வறண்ட கரையோரங்களிலே காணப்படுவது. தூக்கணாங்குருவி கைவிட்ட பழைய கூடுகளிற் புகுந்து தங்கும் வழக்கமும் இதற்குண்டு. ஆதலால் பனையில் தொங்கும் பழங்கூட்டிலிருந்து ஒரு சிறு வெளிறிய குருவி எட்டிப் பார்த்தால், அதனைத் தூக்கணாங்குருவியின் குஞ்சு என்று கொள்ளலாகாது.

புள்ளிச் சில்லை நெல்வயலுக்கு வரும் சில்லைகளுள் மிகப் பரவலானது. முதுகு கடும் மண்ணிறம். முகமும் தொண்டையும் செம்மண் நிறம். அலகு கறுப்புக் கலந்த சாம்பல் நிறம். மார்பிலும் விலாவிலும் வெள்ளை நிறத்தின்மேல் மீன் செதில் அடுக்கியது போன்ற மண்ணிறக் கோடுகள் இருக்கும். இச்செதிற் கோலத்தைக் கண்டபின் ஐயத்திற்கு இடமில்லை. 1758 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து லின்னேயசு தம் நூலிற் பெயரிட்ட பறவைகளுள் இதுவும் வெண்தொண்டைச் சில்லையும் அடங்கும்.

புள்ளிச் சில்லையின் வரலாற்றில் ஒரு சிறு செய்தி கமக்காரர்க்குச் சுவையாக இருக்கும். 1866 அளவில் கில்லெபிராண்டு என்னும் வைத்தியர் இதனை அவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசென்று விட்டார். அங்கே அது பெருகி நெற்பயிருக்குத் தொல்லையாயிற்று. இன்றும் அத்தீவினர் அதனை ‘நெற்பறவை’ என்றே வழங்குகின்றனர். அலங்காரப் பறவை என்று எண்ணி ஒன்றைப் புதிய நாட்டில் விடுவோர் அந்நாட்டுக் கமக்காரரைக் கேட்பதில்லை.

வெண்முதுகுச் சில்லை தூரத்திற் கறுப்புக் குருவியாகவே தோன்றும். முகமும் மார்பும் கடுங்கறுப்பு. வயிறும் பின்முதுகும் வெள்ளை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே மார்பிற் கோடு கிழித்தாற் போலிருக்கும். வெண்தொண்டைச் சில்லைக்கும் பின்முதுகு வெள்ளையாதலால், பறக்கும்போது மாத்திரம் பார்த்து இரண்டையும் மயங்கக்கூடாது. அமர்ந்தபின் முகத்தைப் பார்த்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலே சீனாவிலிருந்து யப்பானுக்குக் கொண்டுபோகப்பட்ட இவ்வினத்துக் குருவிகளிலிருந்தே, இன்று உலகெங்கும் கூடுகளில் வளர்க்கப்படும் ஒரு வளர்ப்புக் குருவியினம் தோன்றியது.

கருந்தலைச் சில்லை பார்வைக்கு அழகானது. தலை முழுதும் கறுப்பு, முதுகு செங்காவி, வயிறு வெள்ளை, அதன் நடுவே ஒரு கறுப்புத் திட்டு, அலகு நீலச் சாம்பல். நாணலும் கோரையும் நிறைந்த ஈரமான இடங்களையும் வயல்களையும் நாடுவது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலங்களில் இதனைத் தேடலாம்.

குஞ்சுகளால் வரும் மயக்கம்

தை மாதத்திற் கூட்டத்தோடு வரும் வெறும் மண்ணிறக் குருவிகளைக் கண்டு, “இது புதுச்சாதிக் குருவி, முன்னர் இங்கு இருந்ததில்லை” என்று பலர் கூறுவர். அவை புதிய இனமல்ல. புள்ளிச் சில்லையின் குஞ்சுக்குச் செதிற் கோலம் இராது; மேலே மண்ணிறமும் கீழே வெளிறிய மஞ்சட் சாம்பலுமாக இருக்கும். கருந்தலைச் சில்லையின் குஞ்சும் ஏறக்குறைய அப்படியே, தலை கறுத்திராது. இரண்டினத்துக் குஞ்சுகளையும் தனியே பிரித்தறிவது பழகியவர்க்கும் எளிதன்று. கூட்டத்தை முழுதாகப் பார்த்து, அதிலுள்ள முதிர்ந்த பறவை எது என்று கண்டால் போதுமானது.

1955 ஆம் ஆண்டில் வெளிவந்த சி. எம். என்றி அவர்களின் இலங்கைப் பறவைகள் பற்றிய வழிகாட்டி நூல், அவர் தம் கையாலேயே வரைந்த படங்களோடு கூடியது. கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியற் பகுதியிற் கடமையாற்றியவர் அவர். ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பின், நூல்நிலையத்தில் அந்நூலைக் கேட்டுப் பார்க்கும்படி சொல்லலாம். பறவையைப் படத்தோடு ஒப்பிடுவதில் பெரியோரைவிடப் பிள்ளைகள் கூர்மையானவர்கள் என்பது எமது அனுபவம்.

சில்லையைப் போலத் தோன்றும் பிற குருவிகள்

தூக்கணாங்குருவி சில்லையிலும் பெரியது. ஆறு அங்குலம் இருக்கும். கூடு கட்டும் காலத்தில் ஆணின் தலையும் மார்பும் மஞ்சளாய், முகம் கறுத்திருக்கும். மற்றைய காலத்தில் ஆணும் பெண்ணும் ஊர்க்குருவிப் பெட்டையைப் போலக் கோடு விழுந்த மண்ணிறத்தன. இதுவும் நெல் தின்பதுதான். அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் பிடித்து ஊட்டுவது. பனைகளிலே தொங்கும் அதன் கூடுகளை வெட்டி வீழ்த்துவதனால், கதிர்க்காலத்து நட்டம் குறைவதில்லை. அக்காலத்தில் வயலுக்கு வருவது பல இடத்துப் பறவைகள் ஒன்றுசேர்ந்த கூட்டம்.

சாம்பல்தலை வானம்பாடி தரவையில் நிலத்தோடு ஒட்டி ஓடித் திரிவது. இதன் அலகும் சில்லையின் அலகைப் போலப் பருத்தது. ஆகவே மயங்க இடமுண்டு. ஆணின் வயிறு முழுதும் கறுப்பு, உச்சந்தலை சாம்பல். பெட்டை புழுதி நிறமானது. அசையாது இருந்தால் காலடியில் இருப்பினும் தெரியாது. ஆண் வானத்தில் எழும்பிச் சீழ்க்கையடித்துக் கொண்டே செங்குத்தாய் விழுந்து மீண்டும் எழும்பும் காட்சியைத் தரவையில் மாடு மேய்ப்போர் நன்கறிவர். நிலத்திற் சிந்திய புல்விதையும் பூச்சியும் அதன் உணவு. நின்ற கதிரில் ஏறி அமர்வது அதன் வழக்கமன்று.

இனி, பொய்க் குற்றஞ் சாட்டப்படும் குருவிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு நெற்பயிரிடையே தாவித் திரியும் ஒரு மெல்லிய குருவியைத் தமிழ் நூல்கள் ‘கதிர்க்குருவி’ என்கின்றன. பெயரைக் கேட்டவுடன் கதிர் தின்பது என்ற எண்ணம் எழுகின்றது. உண்மையில் அது ஊசி அலகுடைய பூச்சியுண்ணி. அதனினும் சிறிய விசிறிவாற் கதிர்க்குருவி, வயலுக்கு மேலே தாழ்ந்து எழுந்து ‘சிட் சிட்’ என்று ஒலித்துப் பறப்பது, அதுவும் பூச்சியுண்ணியே. வரம்பில் வாலை மேலும் கீழும் அசைத்து ஓடும் நெட்டைக்காலியும் அவ்வாறே. பறக்கும்போது வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை தெரிவது அதன் அடையாளம். இம்மூன்றும் வயலிலும் வரம்பிலும் புல்லிடையே கூடு கட்டுவன. குருவிக்கூடு என்று கண்டதும் பிய்த்தெறியும் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். சில்லையின் கூடு தேங்காயளவில் அல்லது அதனிற் சற்றுப் பெரிதாய், புல்லாற் பந்துபோல் உருட்டப்பட்டு, பக்கத்தில் வாசல் உடையதாய், தேசி, முள்மரம், வடலி மட்டை ஆகியவற்றிடையே இருக்கும். முட்டைகள் புள்ளியில்லாத தூய வெள்ளை.

பூச்சியுண்ணியையும் தானியமுண்ணியையும் பிரிக்காது ஒரு தேசமே குருவி வேட்டையில் இறங்கியதுமுண்டு. 1958 ஆம் ஆண்டிற் சீனாவில் எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்கவேண்டிய பீடையென அறிவித்தனர். மக்கள் தகரமும் பறையும் அடித்துக் குருவிகளை இருக்கவிடாது பறக்கவிட்டு, களைத்து விழச் செய்தனர், கூடுகளை உடைத்தனர். பின்னர் பயிர்ப் பூச்சிகள் பெருகுவது கண்டு, 1960 இல் அப்பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியை அவ்விடத்திற் சேர்த்தனர்.

கதிரே சாட்சி

பறவையைக் காணாவிடத்தும் கதிரைக் கொண்டு கள்ளனை அறியலாம். சென்ற போகமொன்றிற் சரவணையில் ஒரு முதிய கமக்காரர், “தம்பி, நெல்லெல்லாம் குருவி கொண்டுபோட்டுது, வந்து பாருங்கோ” என்று அழைத்தார். அவர் காட்டிய இடத்தில் வெள்ளைக் கதிர்கள் நிமிர்ந்து நின்றன. “ஐயா, இதில் ஒன்றை இழுத்துப் பாருங்கள்” என்றோம். கதிர் கையோடு வந்தது, அடித்தண்டு அரிக்கப்பட்டிருந்தது. அது தண்டு துளைக்கும் புழுவின் வேலை. குருவிக்காக அவர் கட்டியிருந்த வெருளிகள் நான்கும் அந்தப் புழுவைப் பார்த்துக் கொண்டுதான் நின்றன.

சில்லை தின்ற கதிர் அவ்வாறிராது. தண்டு பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும், இழுத்தால் வராது. கதிரிற் சில மணிகள் நிறைந்தும், சில மணிகள் நெரிந்து வெளிறிய உமியாகவும் காணப்படும். பால் பருவத்தில் நெரித்த மணியிலிருந்து வழிந்த பால் உமியின்மேல் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். மணி முற்றிய பருவமாயின், இரண்டாகப் பிளந்த உமிகள் கதிரின் கீழே சிந்திக் கிடக்கும். ஐயமிருப்பின் மாலையில் ஒரு பழைய வெள்ளைச் சீலையை விரித்துவிட்டு அடுத்த நாட் காலையிற் பார்க்கலாம். மேலும், சில்லை தின்ற இடம் பெரும்பாலும் வயலின் ஓரத்தில், வேலிக்கோ பற்றைக்கோ வடலிக்கோ அண்மையில் இருக்கும். ஆபத்து வந்தால் ஒளிப்பதற்கு இடமுள்ள பக்கத்திலேயே அது இறங்குவது.

எலி வெட்டிய வயலில் தண்டுகள் அடியிற் சரிவாக அறுக்கப்பட்டு விழுந்திருக்கும். சேதம் ஓரத்தை விட்டு உள்ளே இருக்கும். கிளி கதிரையே அறுத்துக்கொண்டு பறக்கும். நெல் மூட்டுப்பூச்சி உறிஞ்சிய மணியில் கபிலப் புள்ளி காணப்படும், உமி நெரிந்திராது, வயலில் இறங்கியவுடன் அதன் கெட்ட மணமும் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. குருவியைக் கலைத்து எலியை ஒழிக்க முடியாது.

தரவையும் தரிசும்

சில்லைக்கு நெல் முதல் உணவன்று. புல்விதையே முதல் உணவு. அறுகு, கோரை, நெற்சப்பி முதலியவற்றின் விதையை அது ஆண்டு முழுதும் தின்கின்றது. நெல் பால் பிடிக்கும் சில கிழமைகளிலேதான், மிருதுவான மணி ஏராளமாக ஒரே இடத்திற் கிடைப்பதால் வயலுக்குத் திரும்புகின்றது. இதனை அறிந்தால் நட்டத்தைக் குறைக்கும் வழி ஒன்று புலப்படும். வரம்பிலும் வயலினுள்ளும் உள்ள புல்லையும் நெற்சப்பியையும் அவை விதை பிடிக்குமுன் வெட்டிவிட வேண்டும்; அவை சில்லைக் கூட்டத்தை வயலுக்குள் அழைத்து வருவன. தூரத்திலுள்ள தரவைப் புல்லை அவ்வாறே விட்டுவிட வேண்டும். தரவையை எரிப்பவர், சில்லையின் சோற்றுப் பானையைக் கவிழ்த்து, அதனைத் தம் வயலுக்குத் துரத்துகின்றார்.

தீவுப்பகுதியில் இவ்விடயத்திற் கூடுதலான ஓர் இடர்ப்பாடு உண்டு. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபின், பல வயல்கள் நெடுங்காலம் விதைப்பின்றிக் கிடந்து புல்லும் பற்றையுமாயின. திரும்பி வந்தோர் சிலர்; நிலத்துக்குரியோர் பலர் பிறநாடுகளில் வாழ்கின்றனர். இதனால் தரிசின் நடுவே ஒற்றை வயலாக விதைப்பவர்மீது, சுற்றிலுமுள்ள குருவி முழுதும் விழுகின்றது. நூறு ஏக்கரில் ஒரே காலத்திற் கதிர் முற்றினால், அதே குருவிக் கூட்டம் பரந்து தின்னும். ஒருவருக்கும் பெருநட்டம் தெரியாது. இரண்டு ஏக்கர் மாத்திரம் பத்து நாள் முந்தியோ பிந்தியோ பால் பிடித்தால், அந்த இரண்டு ஏக்கர்தான் அதன் பந்தி. ஆகவே அயலவர்கள் கமக்கார அமைப்பிற் கூடிப் பேசி, ஒரே வயதுள்ள நெல்லை ஒரே கிழமையில் விதைத்தல் எல்லா வெருளியிலும் சிறந்தது. மொட்டைக்கறுப்பன் விதைக்கும் வயலுக்கு நடுவே குறுகிய வயதுள்ள புதிய இனத்தைத் தனியே விதைப்பவர், காவலுக்கும் ஆளைத் தேடி வைத்திருக்க வேண்டும்.

காவல்

காவல் நாள் முழுதும் வேண்டுவதில்லை. சூரியன் உதித்தபின் இரண்டு மணி நேரமும், மறையுமுன் இரண்டு மணி நேரமுமே சில்லை மிகுதியாக மேயும் வேளைகள். பூத்து ஏழெட்டு நாளின்பின் தொடங்கி, மணி கடினமாகும் வரையுள்ள காலமே முக்கியமானது. வீட்டில் ஆள் குறைவாக உள்ளவர்கள், அயலவரோடு முறை வைத்து இவ்விரு வேளையையும் பகிர்ந்து கொள்ளலாம்.

வெருளி நல்லதுதான், ஆனால் ஒரே இடத்தில் நின்ற வெருளியின் தலையிற் சில்லை அமர்ந்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இடத்தை மாற்றி, உடுப்பையும் மாற்றவேண்டும். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளிப் பளபளப்புமாக உள்ள நாடாவை முறுக்கி, கதிருக்குச் சற்று மேலே தடியிற் கட்டினால், வெயிலில் மின்னுவதோடு வாடைக்காற்றில் இரைச்சலும் எழுப்பும். காற்றுக்குக் குறைவில்லாத இத்தீவில் அது நன்கு பயன்படும். எனினும், இரண்டு கிழமைக்குமேல் குருவி அதற்கும் பழகிவிடும். ஆதலால் பால் பிடிக்கும் நாளுக்கு முன்னரே கட்டி வீணாக்கக் கூடாது.

பயிர் இளமையாயிருக்கும்போது, புழு பிடிக்கும் கரிக்குருவி முதலியன அமர்வதற்காக வயலில் நட்ட குந்துதடிகளைக் கதிர் ஈன்றவுடன் பிடுங்கிவிட வேண்டும். அக்காலத்தில் அவை சில்லைக்கு வசதியான ஆசனமாகிவிடும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நஞ்சு கலந்த தானியம் வைப்பதை எவ்வகையாலும் ஏற்க முடியாது. பால் பிடித்த கதிர் மேலே நிற்கையில், சில்லை நிலத்திற் கிடக்கும் அரிசியைத் தேடி இறங்குவதில்லை. இறங்கித் தின்பன கோழியும் புறாவும் அணிலும். செத்ததைத் தின்னும் பூனையும் நாயும் அடுத்துச் சாகும். நன்னீர்க் கிணறு அரிதாயுள்ள தீவில் நிலத்திற் போட்ட நஞ்சு எங்கே போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வலை கட்டிக் குருவி பிடிப்பதற்கு முற்படுவோர், 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் 2009 ஆம் ஆண்டுத் திருத்தமும் நடைமுறையிலுள்ளன என்பதை அறிந்து, வனசீவராசிகள் திணைக்களத்தாரை முதலில் விசாரித்தல் வேண்டும்.

தோட்டச் செய்கையாளருக்கு

கத்தரி, மிளகாய், தக்காளி, பயிற்றை ஆகியவற்றின் காயைச் சில்லை தொடுவதில்லை. தோட்டத்தில் அது வரக்கூடிய இடங்கள் இரண்டே. விதைக்கென முற்றவிட்ட கீரை ஒன்று; குரக்கன், தினை, சாமை போன்ற சிறுதானியப் பாத்தி மற்றொன்று. இவை சிறிய நிலமாதலால் வலையால் மூடுவது கட்டுப்படியாகும். கண் முக்கால் அங்குலத்திற்கு மேற்படாத வலையை, தடிகளின்மேல் விறைப்பாக இழுத்து, ஓரங்களை மண்ணாலோ கல்லாலோ அழுத்த வேண்டும். தொய்ந்த வலையிற் குருவியும் பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும். கிழிந்த வலையினுட் புகுந்த சில்லை வெளியேறத் தெரியாமல் பாத்தி முழுவதையும் தின்றுவிடும். நெல் நாற்றங்காலுக்கும் விதைநெற் பாத்திக்கும் இம்முறை ஏற்றது.

தோட்டத்தில் நெடுவாலை ஆட்டித் திரியும் கதிர்க்குருவியைக் கண்டால் விட்டுவிடுங்கள். கத்தரி இலையின் கீழே அது தேடுவது எதுவென்று சற்று நேரம் நின்று பார்த்தவர் அதனைக் கலைக்க மாட்டார்.

அரிவி வெட்டு முடிந்து, சூடு வைத்தபின், ஒட்டுத்தாளிடையே சில்லைகள் சில நாளுக்கு இறங்கித் திரியும். அப்போது அவை பொறுக்குவது சிந்திய மணியும் அடுத்த போகத்திற்குக் களையாக முளைக்கவிருக்கும் புல்விதையுமாகும், கலைக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் கதிரும் காவலும் இல்லாமையால் பறவையை ஆறுதலாகப் பார்த்து இனங்காண வசதியுண்டு. கண்ட நாள், இடம், எத்தனை குருவி, அலகின் நிறம், பின்முதுகு வெள்ளையா அல்லவா, மார்பிற் செதிற் கோலம் உண்டா என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்தால், அடுத்த போகத்தில் எந்தப் பக்க வயலுக்கு எப்போது காவல் வேண்டும் என்று அதைக் கொண்டு கணிக்கலாம்.